அழையா விருந்தாளி யார்?

வாசிப்புப் பகுதி: கடல்நீர்த் தொட்டியில் அடையாளம் தெரியாத உயிர்கள்

இரவு மணி பத்து. ஜொகூர் பாருவில் ஒரு வீட்டின் வரவேற்பறையில் கடல்நீர் மீன்தொட்டி ஒன்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். விளக்கு அணைந்து அரை மணி நேரம் ஆகிவிட்டது. திடீரென்று தொட்டிக்குள்ளிருந்து ‘டிக்’ என்று ஓர் ஒலி கேட்கிறது. கண்ணாடியை யாரோ விரலால் சுண்டியது போல் இருக்கிறது. விளக்கைப் போட்டுப் பார்த்தால், மீன்கள் தூங்குகின்றன. பவளங்கள் சுருங்கிக் கிடக்கின்றன. வேறு எதுவும் கண்ணில் படவில்லை. மறுநாள் காலையில் எண்ணிப் பார்த்தால், ஒரு நத்தையைக் காணவில்லை.

கடையில் வாங்காத, யாரும் கொண்டுவந்து விடாத ஏதோ ஓர் உயிர் அந்தத் தொட்டிக்குள் குடியிருக்கிறது. அது நல்லதா, கெட்டதா? அதைக் கொல்ல வேண்டுமா, காக்க வேண்டுமா? இந்தக் கேள்விகளுக்கு விடை காண்பதற்கு முன் வேறொரு கேள்விக்கு விடை தேவை: அது யார்?

எங்கிருந்து வருகின்றன?

பவளம் வளர்க்கும் தொட்டி சிறியதொரு கடல். அதன் நீரில் ஒரு கிலோகிராமுக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்க வேண்டும். வெப்பநிலை 25 அல்லது 26 பாகை செல்சியஸ் அளவில் இருப்பது நன்று. நம் நாட்டில் அறை வெப்பநிலையே 30 பாகையை எட்டிவிடும் என்பதால், பலர் நீரைக் குளிர்விக்கும் கருவியைப் பொருத்துகின்றனர்.

இத்தகைய தொட்டியின் முதுகெலும்பு ‘உயிர்ப்பாறை’ ஆகும். இறந்த பவளங்களின் சுண்ணாம்பு எலும்புக்கூடே இந்தப் பாறை. பாறை உயிரற்றது, ஆனால் அதன் துளைகளில் வாழும் பாக்டீரியாக்கள் உயிருள்ளவை. மீன்களின் கழிவிலிருந்து வரும் நச்சுத்தன்மை மிக்க அம்மோனியாவை அவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்தத் துளைகளில் பாக்டீரியாக்கள் மட்டும் வாழ்வதில்லை. புழுக்கள், நண்டுகள், இறால்கள், நத்தைகள், கடற்பஞ்சுகள், அவற்றின் முட்டைகள், கடற்பாசித் துணுக்குகள் ஆகியவையும் ஒளிந்திருக்கின்றன. பாறையோடும் பவளத்தோடும் சேர்ந்து அவை நம் வீட்டுக்குள் நுழைந்துவிடுகின்றன. இவையே அழையா விருந்தாளிகள்.

பெயர் சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

‘ஏதோ ஒரு பூச்சி’ என்பது பெயரன்று. ‘புழு’ என்பதும் முழுமையான பெயரன்று. கடலில் ‘புழு’ என்று நாம் அழைக்கும் உயிர்களில், ஒன்றுக்கொன்று எவ்வித நெருங்கிய உறவும் இல்லாத பல பெருந்தொகுதிகள் அடங்கும். எனவே, அறிவியலாளர் ஓர் உயிரைக் கண்டதும் அதன் இனப்பெயரைத் தேடி ஓடுவதில்லை. பெரிய பிரிவிலிருந்து சிறிய பிரிவுக்குப் படிப்படியாக இறங்கி வருகின்றனர். நாமும் ஐந்து கேள்விகளைக் கேட்டு அவ்வாறே செய்யலாம்.

1. உடலின் அமைப்பு என்ன? பூவைப் போல் நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் விரிந்திருந்தால் அது கடல் சாமந்தி போன்ற குழியுடலியாக இருக்கலாம். ஐந்து கைகள் இருந்தால் நட்சத்திர மீன் போன்ற முட்தோலியாக இருக்கலாம். இடமும் வலமும் ஒத்திருந்தால் அடுத்த கேள்விக்குச் செல்ல வேண்டும்.
2. ஓடு, கால், வளையம் ஆகியவற்றுள் எது உண்டு? மூட்டுள்ள கால்கள் இருந்தால் கணுக்காலி. ஓட்டுக்குள் மென்மையான உடல் இருந்தால் மெல்லுடலி. உடல் முழுவதும் வளையங்கள் இருந்தால் வளையப்புழு. வளையமே இல்லாமல் இலைபோல் மெலிந்திருந்தால் பெரும்பாலும் தட்டைப்புழு.
3. எங்கே இருக்கிறது? மணலிலா, பாறைத் துளையிலா, பவளத்தின் மேலா, கண்ணாடியிலா?
4. எப்பொழுது, எவ்வாறு நகர்கிறது? பகலிலா, இரவிலா? ஊர்கிறதா, நீந்துகிறதா, ஒட்டிக்கொண்டே இருக்கிறதா?
5. எதைத் தின்கிறது? இதற்கு விடை காண்பதற்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும்.

இரவில் கவனிக்கும்போது கைவிளக்கின் மேல் சிவப்புத் தாளை ஒட்டிக்கொள்வது நல்லது. முதுகெலும்பற்ற கடலுயிர்கள் பலவற்றுக்குச் சிவப்பு ஒளி நன்றாகத் தெரியாது; ஆதலால் அவை ஓடி ஒளிவது குறையும். திறன்பேசியால் படமெடுக்கும்போது மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் எடுக்க வேண்டும். கண்ணாடியின் வெளிப்புறம் ஓர் அளவுகோலை வைத்துவிட்டால் உயிரின் நீளத்தை ஓரளவு அறியலாம். நாள், நேரம், இடம், நடத்தை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். நினைவை நம்பக்கூடாது, ஒரு வாரத்தில் இரண்டு சென்டிமீட்டர் புழு நம் நினைவில் பத்து சென்டிமீட்டராக வளர்ந்துவிடும்.

இரட்டையர் போல் தோன்றுவோர்

அடையாளம் காண்பதில் பெரும் சிக்கல் தருபவை, ஒன்றைப் போல் மற்றொன்று தோன்றும் உயிர்கள்தாம். சில இணைகளைக் காண்போம்.

முதலில், நாம் கேட்ட அந்த ‘டிக்’ ஒலி. இத்தகைய ஒலியை எழுப்பும் உயிர்கள் இரண்டு உண்டு. ஒன்று சொடுக்கு இறால். இதன் இரு கொடுக்குகளில் ஒன்று மற்றதைவிட மிகப் பெரியது. அதை வேகமாக மூடும்போது நீரில் ஒரு குமிழி உண்டாகி உடைகிறது. அந்த உடைப்பே நாம் கேட்கும் ஒலி. சொடுக்கு இறால் வகைகள் சில, கோபி மீனுடன் ஒரே வளையைப் பகிர்ந்து வாழ்கின்றன. இறால் குழி தோண்ட, மீன் வாசலில் காவல் நிற்கும். பெரும்பாலும் இதனால் தொட்டிக்குத் தீங்கில்லை.

மற்றொன்று, மலாய்மொழியில் ‘ஊடாங் லிப்பான்’, அதாவது பூரான் இறால் என அழைக்கப்படும் உயிர். இதைச் சந்தையில் நீங்கள் பார்த்திருக்கலாம். பெயரில் இறால் இருந்தாலும் இது உண்மையான இறால் வகையைச் சேர்ந்ததன்று. இதன் கண்கள் காம்பின் மேல் அமைந்து தனித்தனியே சுழலும். மடக்கிய முன்னங்கால்களால் இரையைக் குத்தும் வகையும் உண்டு. சம்மட்டிபோல் அடித்து நொறுக்கும் வகையும் உண்டு. நத்தை ஓடுகள் உடைந்து ஒரே துளையின் வாயிலில் சிதறிக் கிடந்தால், ஐயம் பூரான் இறால் மீதுதான் விழ வேண்டும். ஒலி ஒன்றுதான், சான்றுகள் வேறு.

இரண்டாவது இணை, துளைக்குள் சட்டென்று மறையும் ‘பூக்கள்’. இறகு விசிறி போல் அழகாக விரிந்து, நிழல் பட்டதும் கண்ணிமைக்கும் நேரத்தில் தன் குழாய்க்குள் ஒளிந்துகொள்வது விசிறிப்புழு. இது நீரில் மிதக்கும் நுண்துகள்களை வடித்துத் தின்னும்; யாருக்கும் கேடு செய்யாது. மாறாக, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் தண்டும், கிளையில்லாத கூரிய உணர்விழைகளும் கொண்டது ஐப்டேசியா என்னும் சிறு கடல் சாமந்தி. இது பக்கத்திலுள்ள பவளங்களைக் கொட்டி அழிக்கும். கத்தியால் சுரண்டி எடுத்துவிடலாம் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அறுபட்டு விழும் சிறு துணுக்கும் புதிய சாமந்தியாக வளரக்கூடும். ஒன்றை அழிக்கப் போய்ப் பத்தை வளர்த்த கதையாகிவிடும்.

மூன்றாவது இணையில் ஒரு பெயர்க்குழப்பமும் அடங்கியுள்ளது. ஐப்டேசியாவை மட்டுமே தின்னும் சிறிய கடல் நத்தை வகை ஒன்று உண்டு. தொட்டி வளர்ப்போர் அதைப் பெர்கியா என்று விரும்பி வாங்குவர். பல ஆண்டுகள் அது வேறோர் இனத்தின் பெயராலேயே விற்கப்பட்டது. 2005ஆம் ஆண்டில்தான் அது தனி இனம் என விவரிக்கப்பட்டு, இன்று பெர்கியா ஸ்டெஃபனியே என்னும் பெயரைத் தாங்கி நிற்கிறது. இதே உருவில், முதுகில் வெண்ணிற விரல்கள் போன்ற நீட்சிகளுடன் இன்னொரு கடல் நத்தையும் உண்டு. அது மொன்டிபோரா என்னும் பவளத்தைத் தின்னும். இரண்டையும் எளிதில் பிரித்தறிய வழி என்ன? அது எதன் மேல் அமர்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஐப்டேசியாவின் அருகில் இருந்தால் நண்பன். மொன்டிபோராவின் அடிப்புறத்தில் முட்டையிட்டிருந்தால் பகைவன்.

பிணத்தருகே நிற்பவன் கொலைகாரனா?

தொட்டியில் அதிகப் பழி சுமக்கும் உயிர் முள்மயிர்ப்புழு. இளஞ்சிவப்பு அல்லது பழுப்பு உடல். இரு பக்கமும் வெண்ணிற முள்மயிர்க் கொத்துகள். காலையில் இறந்து கிடக்கும் மீனைச் சுற்றி இப்புழுக்கள் மொய்த்திருப்பதைக் காண்போர், ‘இவைதாம் கொன்றுவிட்டன’ என்று முடிவு செய்துவிடுகின்றனர். உண்மையில், இவற்றில் பெரும்பாலானவை துப்புரவுப் பணியாளர்கள். நோயாலோ வயதாலோ இறந்த மீனை அவை தின்று தீர்ப்பதால்தான் நீர் கெடாமல் இருக்கிறது. பிணத்தருகே நிற்பவரெல்லாம் கொலைகாரர் அல்லர் அல்லவா?

பழியை நம்பி மருந்து ஊற்றினால் விளைவு என்ன? பாறைக்குள் இருக்கும் நூற்றுக்கணக்கான புழுக்கள் ஒரே நாளில் இறந்து அழுகும். அம்மோனியா உயரும். காப்பாற்ற நினைத்த மீன்களே மடியும். ‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்னும் பழமொழி மீன்தொட்டிக்கும் பொருந்துகிறது.

ஆனால், எல்லாப் புழுக்களும் குற்றமற்றவை என்று தீர்ப்பளித்துவிடவும் கூடாது. 2009ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகீ நகரிலுள்ள ஒரு கடல்வாழ் உயிர்க் காட்சியகத்தில் வியப்பான நிகழ்ச்சி ஒன்று நடந்தது. தொட்டியில் மீன்கள் காணாமற்போயின. பவளங்கள் கடித்துத் துண்டாக்கப்பட்டன. பணியாளர்கள் பொறி வைத்தும் குற்றவாளி அகப்படவில்லை. இறுதியில் பாறைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தபோதுதான் உண்மை தெரிந்தது. ஏறக்குறைய 1.2 மீட்டர் நீளமுள்ள ராட்சதக் கடற்புழு ஒன்று உள்ளே வாழ்ந்து வந்தது. அது சிறு குட்டியாக இருந்தபோது பாறையிலோ பவளத்திலோ ஒளிந்து வந்திருக்க வேண்டும் என்று கருதப்பட்டது. அதே ஆண்டில் ஜப்பானின் ஷிராஹாமாவில் ஒரு மிதவைக்குள் கண்டெடுக்கப்பட்ட இத்தகைய புழு 299 சென்டிமீட்டர் நீளம் இருந்தது.

முள்மயிர்ப்புழுவையும் இந்த வேட்டைப்புழுவையும் எவ்வாறு பிரித்தறிவது? தலையைப் பார்க்க வேண்டும். வேட்டைப்புழுவின் தலையில் ஐந்து உணர்கொம்புகள் இருக்கும். வலிய தாடைகள் இருக்கும். உடல் வானவில் நிறத்தில் மினுங்கும். பக்கவாட்டில் அடர்ந்த வெண்மயிர்க் கொத்துகள் இருக்கமாட்டா. ஒரு நல்ல படம் ஓர் உயிரைக் காக்கவும் செய்யும். ஒரு தொட்டியைக் காக்கவும் செய்யும்.

ஜொகூர் நீரிணைக்கு வந்த விருந்தாளி

கண்ணாடித் தொட்டிக்குள் நடப்பது கடலிலும் நடக்கிறது. நம் மாநிலத்தையும் சிங்கப்பூரையும் பிரிக்கும் ஜொகூர் நீரிணையில், அறிமுகமில்லாத சிப்பி ஒன்று பெருகி வருவதைச் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2016இல் கவனித்தனர். அதன் ஓடுகள் ஒரே நிறத்தில் இல்லை. கறுப்பாகச் சில, பழுப்பாகச் சில, வரிகளோடு சில. நிறத்தை மட்டும் நம்பியிருந்தால் அவற்றைப் பல இனங்கள் என எண்ணியிருக்கக்கூடும். ஆய்வாளர்கள் ஓட்டின் உள்ளமைப்பையும் மரபணுவையும் சோதித்து, அது மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா என்னும் ஒரே இனம் என உறுதி செய்தனர். அதன் தாயகம் மத்திய அமெரிக்காவும் தென் அமெரிக்காவும் ஆகும்.

அவ்வளவு தொலைவிலிருந்து அது எப்படி வந்தது? கப்பல்களின் அடிப்பகுதியில் ஒட்டிக்கொண்டும், கப்பலின் சமநிலைக்காக நிரப்பப்படும் நீரில் இளம் உயிர்களாக மிதந்தும் இத்தகைய உயிர்கள் பயணம் செய்கின்றன. கப்பலும் ஒருவகையில் ஓர் உயிர்ப்பாறைதான்! இந்நீரை முறைப்படுத்தும் அனைத்துலக ஒப்பந்தம் 2017ஆம் ஆண்டு செப்டம்பர் திங்கள் நடைமுறைக்கு வந்தது.

இச்சிப்பி மிதவைக் கூண்டுகளின் வலைகளை மூடிக்கொள்கிறது. நம் கடற்கரைக்கே உரிய பச்சைச் சிப்பியோடு இடத்துக்குப் போட்டியிடுகிறது. தமிழ்நாட்டிலும் இதே இனம் எண்ணூர், பழவேற்காடு ஆகிய பகுதிகளுக்குள் நுழைந்துவிட்டது. அங்குள்ள மீனவர்கள் இதைக் ‘காக்கா ஆழி’ என்கின்றனர். தரையில் பாய்விரித்ததுபோல் இது படர்ந்துவிடுவதால், மஞ்சள் மட்டியும் இறாலும் வாழ இடமின்றிப் போவதாக அவர்கள் வருந்துகின்றனர். ஒரு சிறிய சிப்பி இரண்டு நாட்டுத் தமிழர் வாழும் கரைகளையும் தொட்டிருக்கிறது.

தொட்டியிலிருந்து கடலுக்கு

விருந்தாளி வேண்டாதவர் என்று தெரிந்தபின் என்ன செய்வது? ‘பாவம், கடலில் விட்டுவிடலாம்’ என்று சிலர் இரக்கப்படுவர். அந்த இரக்கம் பெருங்கேட்டில் முடியலாம். காலெர்பா டாக்சிஃபோலியா என்னும் பசுமையான கடற்பாசி, தொட்டிகளை அழகுபடுத்த வளர்க்கப்பட்டது. 1984இல் மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்தை ஒட்டிய கடலில் ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் அளவில் அது காணப்பட்டது. பின்னர், மத்தியதரைக் கடலின் பல நாட்டுக் கரைகளுக்கும் பரவியது. 2000இல் அதே பாசி அமெரிக்காவின் கலிபோர்னியா கரையில் தென்பட்டது. அங்கே உடனடியாக அடையாளம் கண்டதால் விரைந்து செயல்பட்டனர். 2006இல் அது முற்றாக ஒழிக்கப்பட்டதாக அறிவிக்க முடிந்தது. தாமதமாகக் கண்ட இடத்தில் தோல்வி. விரைந்து கண்ட இடத்தில் வெற்றி. அடையாளம் காண்பதன் மதிப்பு இதில் விளங்குகிறது.

எனவே, தொட்டியிலுள்ள உயிரையோ பாறையையோ நீரையோ கடலிலும் ஆற்றிலும் கொட்டக்கூடாது. வேண்டாத உயிரைத் தனித்தொட்டியில் வைக்கலாம்; அல்லது அதை வளர்க்க விரும்பும் அனுபவமுள்ளவரிடம் ஒப்படைக்கலாம்.

அதேபோல், கடலிலிருந்து தொட்டிக்குக் கொண்டுவருவதிலும் எல்லை உண்டு. மெர்சிங் கடலிலுள்ள ராவா, பெசார், திங்கி, சிபு போன்ற தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பகுதி 1994இல் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின்கீழ் அது காக்கப்படுகிறது. அனுமதியின்றி அங்கிருந்து பவளத்தையோ கடலுயிர்களையோ எடுப்பது குற்றம்.

கை வைக்கும் முன்

அடையாளம் தெரியாத உயிரை வெறுங்கையால் தொடக்கூடாது. முள்மயிர் தோலில் தைத்தால் எரிச்சல் உண்டாகும். கூம்பு வடிவ ஓடுள்ள நத்தைகள் சில நஞ்சூசியால் குத்தக்கூடியவை. நீல வளைய ஆக்டோபஸ் கையளவே இருந்தாலும் அதன் நஞ்சு உயிரைப் பறிக்கும். சொவாந்தஸ், பாலித்தோவா போன்ற பொத்தான் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. இத்தகைய பாறையைக் கொதிக்க வைத்தாலோ, அதன்மேல் வெந்நீரை ஊற்றினாலோ நஞ்சு ஆவியோடு கலந்து மூச்சுக்குள் செல்லும். இவ்வாறு செய்தவர்கள் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்திருக்கிறது. கையுறை, கண்ணாடி, நீண்ட இடுக்கி ஆகிய மூன்றும் கட்டாயம் தேவை.

பாதுகாப்பாகப் பிடிக்க, நெகிழிப் புட்டியின் மேற்பகுதியை வெட்டித் தலைகீழாகச் செருகி, உள்ளே சிறு மீன்துண்டை வைத்தால் எளிய பொறி கிடைக்கும். பிடிபட்ட உயிரை அதே கடல்நீர் நிரம்பிய கலத்தில் தனியாக வைத்துக் கவனிக்கலாம். பிறகு, படத்தையும் குறிப்பையும் அறிவியல் ஆசிரியரிடமோ கடல்சார் துறையுள்ள பல்கலைக்கழகத்திடமோ காட்டலாம்.

இப்பொழுது மீண்டும் அந்த வரவேற்பறைக்கு வருவோம். இரவு மணி பத்து. ‘டிக்.’ இம்முறை நாம் பதறவில்லை. சிவப்பு ஒளியைப் பிடித்துக் காத்திருக்கிறோம். பாறையின் அடியிலிருந்து ஒரு பெரிய கொடுக்கு மெல்ல வெளியே நீள்கிறது. மற்றொரு கொடுக்கு மிகச் சிறியதாக இருக்கிறது. துளையின் வாயிலில் உடைந்த ஓடு எதுவும் இல்லை. காணாமற்போன நத்தையோ பாறையின் மறுபுறத்தில் பாசியை மேய்ந்துகொண்டிருக்கிறது. சொடுக்கு இறால் குற்றமற்றது. தீர விசாரித்ததால் ஓர் உயிர் பிழைத்தது.

அருஞ்சொல் விளக்கம்

- உயிர்ப்பாறை – நுண்ணுயிர்களும் சிறு கடலுயிர்களும் குடியிருக்கும் பவளச் சுண்ணாம்புப் பாறை
- மெல்லுடலி – நத்தை, சிப்பி, ஆக்டோபஸ் போன்ற மென்மையான உடலுள்ள உயிர்
- கணுக்காலி – மூட்டுள்ள கால்களைக் கொண்ட உயிர்
- குழியுடலி – பவளம், கடல் சாமந்தி, சொறிமீன் அடங்கிய பெருந்தொகுதி
- நீரிணை – இரு நிலப்பகுதிகளுக்கு இடையே உள்ள குறுகிய கடற்பகுதி

கருத்துணர் கேள்விகள்

1. உயிர்ப்பாறை தொட்டிக்கு ஆற்றும் பணி யாது?
2. சொடுக்கு இறாலையும் பூரான் இறாலையும் வேறுபடுத்த உதவும் இரண்டு சான்றுகளைக் குறிப்பிடுக.
3. முள்மயிர்ப்புழுக்கள் அனைத்தையும் மருந்திட்டுக் கொல்வதால் மீன்களும் மடிவது ஏன்?
4. ஜொகூர் நீரிணைச் சிப்பியின் இனத்தை உறுதி செய்ய நிறம் மட்டும் போதாமற்போனது ஏன்?
5. ‘வேண்டாத உயிரைக் கடலில் விடுவது இரக்கச் செயல்.’ இக்கூற்றை நீ ஏற்கிறாயா? பகுதியிலுள்ள சான்றுகளுடன் விளக்குக.

நடவடிக்கை

உன் வீட்டுத் தோட்டத்திலோ பள்ளி வளாகத்திலோ பெயர் தெரியாத ஓர் உயிரை ஐந்து நாள் கவனித்திடுக. ஐந்து கேள்விகளுக்கும் விடை கண்டு, 100 சொற்களில் ஓர் அவதானிப்புக் குறிப்பு எழுதுக.